பாலத்துக்குக் கீழே நீல டைல்ஸ்

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் சனிக்கிழமை டூருக்குக் கிளம்புறதுக்கு முந்தி இதை உக்காந்து படிச்சிருங்க. உங்க அம்மாவுக்கு விஷயம் தெரியும். "வாயால சொல்ல வரலைன்னா எழுதியாச்சும் குடுங்க"ன்னு அவதான் சொன்னா. எட்டாவதோட நின்னவன் எழுதுறது. பிழை இருந்தா சிரிச்சுட்டு மேல படிங்க.

போன வருஷம் ஐப்பசியில் அடிச்ச மழை ஞாபகம் இருக்கா? ஆனையூரில் நம்ம தெருவில் முழங்கால் தண்ணி. ஆனா பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற கண்மாய்க்குள்ள ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அறிவியல் டீச்சர் அதைப் பார்த்துட்டு, "ஊரெல்லாம் தண்ணி, கண்மாய் மட்டும் ஏன் காயுது? பிள்ளைங்களே நடந்து போய்க் கண்டுபிடிக்கட்டும்"னாங்க. டூர் அப்படித்தான் ஆரம்பிச்சது. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கேன். குட்டியானை லோடு வண்டியில் சரக்கு ஏத்தி கப்பலூருக்கும் அலங்காநல்லூருக்கும் ஓடுறவன், சந்துபொந்தெல்லாம் தெரியும். அதனால ரூட்டு போட்டுக் குடுக்கிற வேலை என்கிட்ட வந்துச்சு.

டீச்சர் திட்டம் சின்னதுதான். "கண்மாய்ல இருந்து, அதுக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்வாய் ஓரமாவே மேல நடப்போம்ணே. தண்ணி எங்க தடைபட்டு நிக்குதோ அங்க நாமளும் நிப்போம். அம்புட்டுதான் பாடம்."

நான் அவசரமாக் குறுக்க விழுந்தேன்.

"கால்வாய்ப் பக்கம் வேண்டாம் டீச்சர். பூராம் கருவேல முள்ளு. மழைக்குப் பாம்பு ஏறிக் கெடக்கும். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறோம், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"நீங்க சொன்னா சரிண்ணே"ன்னாங்க டீச்சர். கண்மாய்க் கரை, மடை, அப்புறம் ஒரு நாத்துப் பண்ணை, மத்தியானச் சாப்பாடு என்று தாளில் கோடு போட்டுக் குடுத்தேன். கால்வாய் வருகிற இடத்தில் மட்டும் என் கோடு வளைஞ்சு ஒதுங்கிப் போச்சு.

ஏன்னு சொல்றேன். நம்ம வீட்டுப் பழைய பாத்ரூமை இடிச்சோமே, நீல டைல்ஸ் ஒட்டினது. அந்த இடிசலை ரெண்டு லோடு நான்தான் நம்ம வண்டியில் ஏத்தினேன். கொட்டுறதுக்குன்னு இருக்கிற இடம் தூரம். எனக்கு அன்னைக்கு வேற சவாரி இருந்துச்சு. அலங்காநல்லூர் ரோட்டில் சின்னப் பாலம் இருக்குல்ல, அதுக்குக் கீழதான் வரத்துக்கால்வாய் போகுது. காஞ்சு கெடந்துச்சு. காஞ்ச கால்வாய்தானே, யாருக்கு என்னன்னு தட்டிட்டு வந்துட்டேன்.

அதோட நின்னிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஸ்டாண்டுல ஒரு டிரைவர், "எங்க மாப்ள தட்டுன?"ன்னு கேட்டான். "பாலத்துக்குக் கீழடா, ஒரு பய கேக்க மாட்டான்"னு பெருமையா சொன்னேன். எங்க வண்டிக்காரங்களுக்கு ஒரு லோடு கெடந்தாப் போதும், குப்பை கொட்டலாம்னு போர்டு மாட்டின மாதிரி. மறுவாரம் பார்த்தா அதுமேல இன்னும் மூணு லோடு. அப்புறம் கோழிக்கடை மூட்டை, கிழிஞ்ச மெத்தை. மழை வந்தப்ப தண்ணி அந்த மேட்டில் முட்டி, ரோட்டில் ஏறி, நம்ம தெருவுக்கு வந்துச்சு. முழங்கால் தண்ணியில் நீங்க கப்பல் விட்டீங்களே, அது கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணி.

டூர் அன்னைக்கு நானும் கூட வந்தேன். பாப்பா, நீ நோட்டும் கையுமா முன்னாடி நின்ன. கரையில் பைக்கை நிறுத்திட்டு வெத்தலை போட்டுக்கிட்டு இருந்த ஆள்கிட்ட நீதான் கேட்ட, "தண்ணி ஏன் வரலைங்க?"ன்னு.

"வேறென்ன பாப்பா, மேலக்கண்மாய்க்காரய்ங்க மறிச்சு வச்சிருப்பாய்ங்க. அவிய்ங்களுக்கு இதே பொழப்பு. எங்க அப்பன் காலத்துப் பஞ்சாயத்து இது."

நம்ம பக்கம் அப்படித்தான். கண்மாய் காஞ்சா யாரும் கால்வாயைப் போய்ப் பார்க்கிறது இல்லை. மேல இருக்கிற ஊரை ஏசிட்டு வீட்டுக்குப் போயிருவோம். டீச்சர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானாண்ணே?"ன்னு கேட்டாங்க. நாப்பது பிள்ளைங்க பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துச்சு.

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க டீச்சர்" என்றேன்.

அது அப்படியே சார்ட்டில் ஏறி வகுப்புச் சுவத்துக்கு வந்துருச்சு: 'மேலக்கண்மாய் ஊர்க்காரர்கள் நீரைத் தடுப்பதால்.' உன் பக்கத்துல உக்காந்திருந்த பிள்ளை அந்த ஊரில் இருந்துதான் பஸ் ஏறி வருதுங்கிறது எனக்கு அப்பத் தோணவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நீயே வந்து சொன்ன. அந்தப் பிள்ளை குழாயடிக்கு வந்தா, "ஏய், பாட்டிலை ஒளிங்கடி, தண்ணிக் களவாணி வாரா!"ன்னு கத்துறாங்களாம். நீயும் சிரிச்சியாம். அவ அழுதுட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டாளாம். "அவங்க ஊர்க்காரங்க செஞ்சதுதானேப்பா? நீங்கதானே சொன்னீங்க?"

நான் அப்பச் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். "சாப்பிடு போ"ன்னு அதட்டிட்டேன். உன்னை அதட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்துச்சு? ஒரு வருஷமா அந்தப் பிள்ளை உன்கூடப் பேசலை. அதுக்குக் காரணம் நீ சிரிச்சது மட்டும் இல்லை.

போன வாரம் டீச்சர் மறுபடி கூப்பிட்டாங்க. "அதே ரூட்டைப் போட்டுக் குடுங்கண்ணே. இந்தத் தடவை ஆறாம் வகுப்பும் வருது." தம்பிக்கு முதல் டூர். பேர்ப் பட்டியலைப் பார்த்துக்கிட்டே, "ஒரு பிள்ளை மட்டும் வரமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கு"ன்னாங்க. யாருன்னு நான் கேக்கலை.

பாலத்துக்குக் கீழ முதல்ல தட்டினது நான்தான்னு அங்கயே சொல்லிட்டேன். டீச்சர் திட்டலை. பேனாவை மூடி வச்சுட்டு, "அந்தப் பிள்ளை வீட்டுக்கு யாருண்ணே போறது?"ன்னு மட்டும் கேட்டாங்க.

நான்தான் போனேன். அவங்க அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. முழுசாக் கேட்டுட்டு, "இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சிரிச்ச பிள்ளைங்ககிட்டச் சொல்லுங்க. அப்புறம் வாரதும் வராததும் அவ இஷ்டம்"னாரு. உக்காருங்கன்னுகூடச் சொல்லலை. சரிதான்.

புது ரூட்டில் கோடு கால்வாய் ஓரமாவே போகுது. பாலத்துக்கிட்ட ஒரு புள்ளி வச்சிருக்கேன். சனிக்கிழமை அந்த இடத்தில் நின்னு எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் சொல்லப்போறேன். அவளும் நின்னு கேக்கணும். வருவாளான்னு தெரியலை.

நேத்து விடிஞ்சதும் முள்ளு வெட்டி வழி விட அருவாளோட தனியாப் போனேன். மேட்டோரமா மண்ணுக்குள்ள ஒரு நீலத் துண்டு தெரிஞ்சுச்சு. தோண்டி எடுத்தா, தம்பி, நீ சூயிங்கம் பாக்கெட்டுல வந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டி அம்மாகிட்ட அடி வாங்கினியே, அந்த டைல்ஸ். பாதி உடைஞ்சிருக்கு, பட்டாம்பூச்சி அப்படியே இருக்கு. நீ பார்த்தா உடனே கண்டுபிடிச்சிருவ. எடுத்துட்டுப் போய் வண்டியில் சீட்டுக்கு அடியில் வச்சேன். வண்டியை எடுத்தேன். பாலம் தாண்டுறதுக்குள்ள நிறுத்திட்டு இறங்கினேன். தோள் துண்டால மண்ணைத் துடைச்சு, எடுத்த இடத்திலயே, பட்டாம்பூச்சி மேல பார்க்கிற மாதிரி வச்சுட்டு வந்தேன்.