பாறைக்கு அப்பால் உள்ள மரங்கள்

என் அம்மா கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபம் செய்வாள். கையில் பால் வெட்டும் கத்தி இருக்கும். ரப்பர் மரத்தின் பட்டையில் கத்தியைச் சாய்வாக இழுத்து, பால் வடியத் தொடங்கியதும் சிரட்டையைச் சரியாக வைத்து, அந்த மரத்துக்கு உரிய ஆளை ஒரு மூச்சில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். மரத்துக்கு ஓர் ஆள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதி வைக்க முடியாததால் மரங்களில் வைத்திருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேகாலையில் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு முடித்தேன். புளத்கொகுபிட்டிய பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் வேதத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரியாது. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மறைக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வருவார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் சேலைகளை எல்லாம் மேலே முடிந்துவிட்டு, தரையில் பாய் விரித்து ஆராதனை நடக்கும். அப்படி ஒரு நாள் அவர் அம்மாவிடம், "வேலைக்கு நடுவுல ஜெபிக்க நேரம் கெடைக்குதாம்மா?" என்று கேட்டார். அம்மா உற்சாகமாக மரக்கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். விடுதியில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, கைகூப்பி ஜெபிக்கப் பழகியவள் நான். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"மரத்தப் பாத்து ஜெபிக்கிறது விக்கிரக ஆராதனை மாதிரிம்மா" என்றேன், எல்லார் முன்னாலும்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது தங்கச்சி" என்று உபதேசியார் சொன்னார். அதற்குள் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "புள்ள படிச்சது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவள் மரங்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நான் அவளைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயம் அம்மாவுக்கு வாதம் வந்தது. வாளியோடு சரிவில் விழுந்து கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கேகாலை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் சிங்களத்தில் கேட்டதால் நர்ஸ் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டாள். ஆனால் அம்மா பிழைப்பாளா, பேசுவாளா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணி, லயத்தில் எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார். "ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் அவ மரத்துக்கெல்லாம் வேற ஆள் போட்டுருவேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார். அப்பா ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுபவர். அவரால் விட்டுவர முடியாது. ஆசிரியர் வேலைக்கு நான் போட்ட விண்ணப்பம், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களான எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது. நான் அம்மாவின் கத்தியை எடுத்தேன்.

முதல் நாள் பத்து மரத்துக்குள் நாலு மரத்தில் கட்டை தெரியும் வரை வெட்டிவிட்டேன். பின்னால் வந்த கங்காணி ஒவ்வொரு காயத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது சிலேட்டு இல்ல. அழிச்சிட்டு மறுபடி எழுத முடியாது."

அடுத்த நிரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடி பட்டு உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கிக் காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். "ம... மரம்" என்றாள்.

"நான் வெட்டுறேம்மா. யாருக்கும் குடுக்கல."

இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் கோடு இழுத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. என்ன கேட்கிறாள் என்று தெரியாமல், கொண்டுபோன வேதத்தைத் திறந்து வாசித்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என் வாசிப்பை அவள் கேட்க மறுத்தது அதுவே முதல் தடவை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் புரிந்தது. பால் வடிவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அந்த மரங்களின் ஆட்கள் ஒரு வாரமாகச் சொல்லப்படாமல் இருக்கிறார்கள். நான் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவே இல்லை, என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறாள்.

அந்த வாரம் முழுவதும் மரங்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். அடுத்த ஞாயிறு அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, நிரையில் நடக்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு போனேன்.

"பாதையோரம் மொதல் மரம், கூனல் விழுந்தது. யாரும்மா?"

உதடு துடித்தது. "அ...ப்பா."

"ரெண்டாவது, எறும்புப் புத்துக்கிட்ட நிக்கிறது."

"இருமல்... புள்ள." அடுத்த காம்பராவில் இழுப்பு நோயோடு இருந்த குழந்தை.

ஒவ்வொரு பெயருக்கும் அவளுக்கு வேர்த்தது. நான் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த மரத்தைச் சொன்னேன். கப்பலேறி இந்தியா போன சித்தி. நிரைக்குக் குறுக்கே கிடந்த பெரிய பாறைக்கு அந்தப்பக்கம் தனியாக இருந்த சிங்களக் கிழவி. செத்துப் பிறந்த என் தம்பி, அவனுக்கும் ஒரு மரம் இருந்தது.

"பால் வத்திப்போனது ஒண்ணு இருக்கே, கங்காணி சிவப்பு கோடு போட்டது? அத விட்டுரலாமா?"

அவள் கோணிய வாயில் ஏதோ நெளிந்தது. "கங்...காணி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நர்ஸ் வந்து அதட்டினாள். அம்மாவின் பாதி முகமும் சிரித்தது. அந்த ஆஸ்பத்திரியில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்படி அந்தப் பாறை வரை வந்தோம். முப்பத்தெட்டு மரம். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. "மிச்சத்த வர்ற ஞாயித்துக்கெழம சொல்லும்மா" என்று எழுந்தேன். அவள் என் விரலை விடவில்லை. நான்தான் பிரித்து எடுத்தேன், பஸ் போய்விடும் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவளுக்குப் பேச்சே இல்லை. புதன்கிழமை இரண்டாம் தடவை வாதம் வந்துவிட்டது என்றார்கள். நான் முப்பத்தொன்பதாவது மரத்தைச் சொன்னேன். கண் என்மேல் இருந்தது. ஒன்றும் வரவில்லை. நாற்பதைச் சொன்னேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டுவந்தோம்.

பால் இல்லாத மரத்தின் முன் நான் தினமும் நிற்பதைக் கங்காணி ஒரு நாள் பிடித்துவிட்டார். "உங்கம்மாவும் இங்கனதான் நிப்பா. காஞ்ச மரத்துல அப்பிடி என்னதான் தேடுறீங்க ஆத்தாளும் மகளும்?"

சொன்னேன். அவர் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு தான் போட்ட சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்தன மரத்துல பால் வராததுதானா எனக்குக் கெடச்சிச்சு?" என்றார். பிறகு, "சரி, நில்லு. நிக்க வேணாம்னு சொல்லல" என்று இறங்கிப் போனார்.

பாறைக்கு அப்பால் இன்னும் இருநூறு மரத்துக்குக் கிட்ட இருக்கின்றன. அவை யாருடைய மரங்கள் என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அங்கே வெறுமனே வெட்டிவிட்டுப் போவேன். அழுகையாக வரும். அம்மாவைப் பேசவைக்க என்னால் முடியாது, எனக்குத் தெரிந்த எழுத்தில் ஒன்றும் அதற்கு உதவாது. இப்போது அங்கேயும் நிற்கிறேன். சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி, "இது யாருக்கோ, அவங்களுக்கு" என்று சொல்கிறேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. சொல்லிவிட்டால் அடுத்த மரம் வரைக்கும் கால் நடக்கிறது.

பத்து மணிக்கு மேல் வாளியை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்வேன். என் கையை மோந்து பார்ப்பாள், பால் வாடைக்கு. எந்த மரம் என்னுடையது என்று அவளிடம் நான் கேட்கவே இல்லை. பாறைக்கு முன்னால் இருக்கும் முப்பத்தெட்டில் அது இல்லை.

ஆகவே அந்தப் பக்கத்து மரங்களில் ஒன்றைக்கூட நான் விடுவதில்லை.