பெருமாள் மேல் வைக்காத பொத்தான்

கோச்சடைக்குக் குடிபோன வருஷம் எங்கள் மகளுக்கு டைபாய்டு வந்தது. பிள்ளை பிழைத்து எழுந்தால் வைகுண்ட ஏகாதசி விரதத்தைக் குறைவில்லாமல் இருக்கிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். மார்கழி பிறக்கும் முன்பே அவள் தெருவில் ஓடி விளையாட ஆரம்பித்துவிட்டாள். இனி என் பங்கு பாக்கி.

பட்டினி எனக்குக் கஷ்டமில்லை. கோயிலில் கூட்டத்தோடு நின்று ராத்திரி கண் விழித்ததும் நல்லபடியாக முடிந்தது. பயமெல்லாம் மறுநாள் துவாதசியை நினைத்துத்தான். காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகச் சாப்பிட்டு விரதத்தை முடித்த பிறகும், பொழுது சாயும்வரை கண்மூடக் கூடாது. மூடினால் இருந்த விரதத்துக்குப் பலனில்லை என்பார்கள். நானோ சிம்மக்கல் வெல்லக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்குகிறவன்.

சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் கண் சொருகியது. "என்னங்க, தலை ஆடுது" என்று மனைவி உலுக்கினாள். அந்த நேரம் வீட்டுக்கார அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, பரமபதம் விரிச்சிருக்கோம். ரெண்டு பேரும் வாங்க. தூக்கம் பறந்துரும்."

நான் அதுவரை பரமபதம் ஆடியதில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில், பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் தாயக்கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு காய்: புளியங்கொட்டை, வளையல் துண்டு, சோழி. என் சட்டையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கியது. அதைப் பிய்த்து வைத்தேன்.

"தாயம் விழுந்தாத்தாண்ணே உள்ள வரலாம்" என்றார் கண்டக்டர். "டிக்கெட் எடுக்காம வண்டி ஏற முடியுமா?"

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாம்பு கடித்து இறங்கியவர் அசுரன். ஏணி ஏறியவர் முனிவர். கட்டம் மாறும்வரை அந்தந்த வேஷத்தில்தான் பேச வேண்டும். என்னை எடுத்த எடுப்பில் பாம்பு கடித்தது. "யாரடா அங்கே?" என்று எனக்குத் தெரிந்த அளவில் கர்ஜித்தேன்.

"அசுரனா இது? லோடு வந்துருச்சான்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு!" என்று அக்கா சிரித்தார்.

ஏணி ஏறிய என் மனைவி கையை உயர்த்தி, "அசுரா, நாளைக்காவது ரேஷன் கடைக்குப் போய் வருவாயாக" என்று அருளினாள். கண்டக்டர் கூடமே அதிரச் சிரித்தார். எனக்கும் தூக்கம் கலைந்தது.

மத்தியானம் தாண்டி எனக்கு ஏணிமேல் ஏணியாக வாய்த்தது. கடைசியில் சரியாக வேண்டிய எண்ணே விழுந்தது. உச்சிக் கட்டத்தில் பெருமாள் சங்கு சக்கரத்தோடு நின்றார். பொத்தானை எடுத்துக்கொண்டு போனவன் பாதியில் நிறுத்தினேன். நேற்று முழுக்க வேண்டி நின்ற சாமி. அவர் மார்பின் மேல் வியர்வைச் சட்டைப் பொத்தானையா வைப்பது?

"நான் வைக்கலக்கா" என்றேன்.

"ஸ்டாப்பிங் வந்தப்புறம் இறங்க மாட்டேன்னா எப்படிண்ணே? ஜெயிச்சிட்டீங்க!"

"அம்புட்டு அழுக்குண்ணே இது. மனசு வரல."

அக்கா கீழே முதல் கட்டத்தைக் காட்டினார். "அப்படீன்னா முதல் கட்டத்துக்குப் போயிருங்க தம்பி. திரும்பத் தாயம் போட்டு வாங்க. நடுவுல நிக்க இடமில்ல."

சந்தோஷமாக இறங்கினேன். அடுத்து கண்டக்டர் உச்சிக்குப் போனார். ஆட வேலையில்லாமல் சுவரில் சாய்ந்தவர் அங்கேயே குறட்டை விட்டார். என் மனைவியும் உச்சிக்கு வந்து, தன் சோழியைப் பெருமாள் காலடியில் ஓரமாக வைத்துக் கும்பிட்டாள். சற்று நேரத்தில் அவளும் தூங்கிவிட்டாள். விரதம் அவளுக்கில்லையே. அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கொட்டாவி வந்தது. அன்று நானும் ஜெயித்து ஒதுங்கியிருந்தால் என் கதியும் அதுதான்.

"அசுரா, உருட்டு" என்று அக்கா அதட்டினார். உருட்டினேன். அவரும் நானுமாக ஏறினோம், இறங்கினோம். நான் எத்தனை தடவை அசுரனானேன் என்று கணக்கில்லை.

கூடத்தில் இருட்டு கட்டியது. அக்கா எழுந்து விளக்கேற்றிவிட்டு, "இனிமே படுங்க தம்பி, பொழுது சாஞ்சிருச்சு" என்றார். தெருவிலிருந்து ஓடிவந்த மகள் மூச்சு வாங்க மடியில் உட்கார்ந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். விளையாடிய சூடுதான். பெருமாளே என்று சொல்லி அங்கேயே தரையில் சாய்ந்தேன். சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லையாம்.