இனாமாக இரண்டு மணி நேரம்

ஒதிலியா ஃபாகுவா வேலை கொடுக்கிறவள் அல்ல. வேலை வேண்டும் என்கிறவர்களையும் ஆள் வேண்டும் என்கிறவர்களையும் சேர்த்து வைக்கிறவள். துன்ஹா நகரத்தின் மலைச்சரிவில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், மாணவர் நல அலுவலகத்தின் கடைசி மேசை அவளுடையது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தாள். மகள் இப்போது பொகோட்டாவில் குடித்தனம் நடத்துகிறாள். மேசை மாறவில்லை.

பருவம் தொடங்கும் மாதத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நூலகம் கை சுத்தமான பிள்ளையாக ஒன்று கேட்கும். வேதியியல் துறை எதையும் உடைக்காத ஆளாகக் கேட்கும். சாப்பாட்டுக்கூடத்துக்கு விடியற்காலையில் எழுந்திருக்கிற ஆள் கிடைத்தால் போதும். மாணவர்களோ, "எந்த வேலைன்னாலும் சரிங்க, ஆனா திங்களும் புதனும் முடியாதுங்க, வெள்ளி ஊருக்குப் போகோணுங்க" என்பார்கள். கல்யாணத் தரகர் வேலைதான் இது. இரண்டு பக்கமும் பொய் சொல்லும், இரண்டு பக்கமும் கடைசியில் தரகரைத் திட்டும்.

ஆனால் பேச்சில் யாரும் மரியாதை குறைக்க மாட்டார்கள். துன்ஹாக்காரர்கள் 'குடுங்க' என்ற சொல்லை மொட்டையாக வாயில் எடுப்பதில்லை. அது அதட்டுகிற மாதிரி இருக்கும். 'இனாமாக் குடுங்க' என்பார்கள். உப்பு வாங்கினாலும் அப்படித்தான், பஸ் டிக்கெட் வாங்கினாலும் அப்படித்தான். காசை வைத்துவிட்டுத்தான் பொருளை எடுப்பார்கள். ஒருவரையும் 'நீ' என்பதும் இல்லை. கட்டின பெண்டாட்டியும் 'நீங்க'தான், வாசலில் சுருண்டு கிடக்கும் நாயும் 'நீங்க'தான்.

அதனால் அந்தப் பெண் உள்ளே வந்து முதல் வார்த்தை பேசியபோது, ஒதிலியா தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"வேலை போட்டுக் குடுக்கறது நீதானா?"

தெருவின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். அதற்கு மேல் ஆம்பளைகள் போடும் கம்பளி ருவானா ஒன்றைப் போர்வையாகச் சுற்றியிருந்தாள்.

"நாந்தானுங்க. உக்காருங்க சாமி. பேரு?"

"யுலைமா. ஊரு மரக்காய்போ, எல்லைக்கு அந்தப் பக்கம். மாட்டு டாக்டருக்குப் படிக்கறேன், மொத வருஷம். வந்து ஒரு மாசம்கூட ஆகல. இந்தக் குளிர்ல நீங்கள்லாம் எப்படி உயிரோட இருக்கீங்க?"

அவள் சொன்னது இவ்வளவுதான். சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். சித்திக்குப் பொகோட்டாவில் தையல் வேலை கிடைத்திருக்கிறது, மாசக் கடைசியில் கிளம்புகிறாள். அதற்கப்புறம் அறை வாடகையை யுலைமாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் எல்லை தாண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"திரும்பிப் போனா எங்கம்மா செருப்பால அடிப்பா. அவ தையல் மெஷினை வித்துத்தான் என்னை அனுப்புனா."

அம்மாவையும் 'அவ' என்கிறதே என்று ஒதிலியாவுக்குத் தோன்றியது. ஆனாலும் வந்திருந்த வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

"கவலைப்படாதீங்க சாமி. நூலகத்துல ஆள் கேட்டிருக்காங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இனாமாக் குடுங்க, போதும்."

யுலைமாவின் முகம் சுருங்கியது. "இனாமாவா?"

"ஆமாங்க. ரெண்டே மணி நேரந்தானுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனாள்.

யோசித்தவள் வரவே இல்லை. நூலகத்திலிருந்து போன் வந்தது, அனுப்புவதாகச் சொன்ன ஆள் எங்கே என்று. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் படுத்திருக்கும் என்று ஒதிலியா சமாதானம் சொல்லி, அந்த இடத்துக்கு வேறொரு பையனை அனுப்பி வைத்தாள். ஆனால் மறுநாளே சாப்பாட்டுக்கூட வாசலில் அந்த இரண்டு ஸ்வெட்டரைப் பார்த்தாள். காய்ச்சல் மாதிரி தெரியவில்லை. ஒதிலியாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

வேலை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? கேட்டதும் இந்தப் பெண்தான், ஓடுவதும் இந்தப் பெண்தானா? ஒதிலியாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வாரமே கால்நடை மருத்துவமனையில் ஒரு இடம் வந்தது. அறுவை முடிந்த நாய்களுக்குத் தீனி வைக்க, கூண்டு கழுவ ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பெயர் வராவிட்டால் தன் வகுப்பிலேயே ஒருவரைப் போட்டுக்கொள்வதாக டாக்டர் நூபியா சொல்லியிருந்தார். இந்தப் பருவத்தில் இனி வேறு இடம் இல்லை. மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ஒதிலியா ஆள் விட்டு வரச் சொன்னாள்.

யுலைமா வந்தாள். உட்காரவில்லை.

"உங்க படிப்புக்கு ஏத்த வேலைங்க. தெனமும் ரெண்டு மணி நேரம் இனாமாக் குடுங்க சாமி. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்தும் இனாமாக் குடுத்துட்டீங்கன்னா…"

"கையெழுத்துமா?"

"கையெழுத்துத்தானுங்க மொதல்ல."

யுலைமா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "இங்க பாரு. உன்னை நல்லவன்னு நெனச்சேன். இனாம் குடுக்கற நெலமையில நான் இல்ல. குடுக்க வழி இருக்கறவங்களாப் பாத்துப் புடிச்சுக்கோ."

போய்விட்டாள். அடுத்து நின்ற மாணவன் கூரையைப் பார்த்தான்.

ஒதிலியாவுக்குக் காது சுட்டது. இனாமா? லஞ்சமா? இத்தனை வருஷத்தில் ஒரு மாணவனிடம் ஒரு ரொட்டித் துண்டு வாங்கித் தின்றவள் இல்லை அவள். தாழ்வாரத்தில் எத்தனை பேர் காதில் விழுந்ததோ.

வீட்டில் அவள் கணவர் எவாரிஸ்தோ உருளைக்கிழங்கு சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர்; எந்தச் சிக்கலையும் பின்பக்கத்திலிருந்து திறந்து பார்ப்பது அவர் வழக்கம்.

"அந்தப் பொண்ணு என்னை லஞ்சம் கேக்கறவன்னு சொல்லிட்டுப் போயிருச்சுங்க."

"நீங்க ஏதாச்சும் கேட்டீங்களா?"

"நானுங்களா? ரெண்டு மணி நேரம் இனாமாக் குடுங்கன்னேன். ஒரு கையெழுத்து இனாமாக் குடுங்கன்னேன். வேற ஒரு வார்த்தை பேசலீங்க."

எவாரிஸ்தோ கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "அதுல ஒண்ணும் தப்பில்லீங்களே."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

"அந்த உப்பை இனாமாக் குடுங்க."

கொடுத்தாள். சூப் தீரும்வரை இருவரும் யோசித்தார்கள். எதுவும் அகப்படவில்லை.

"ஒருவேளை அந்தப் புள்ளைக்கு வேலை செய்யவே புடிக்கலையோ என்னமோங்க" என்றார் எவாரிஸ்தோ.

"புடிக்காமயா தேடி வரும்?"

"அதுவும் சரிதானுங்க." காலடியில் வந்து நின்ற நாயைக் குனிந்து பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மோத்தாஸ்?" மோத்தாஸ் கொட்டாவி விட்டது.

வெள்ளிக்கிழமை காலை, பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ரொட்டிக்கடையில் ஒதிலியா வரிசையில் நின்றாள். டாக்டர் நூபியாவுக்கு யார் பெயரைக் கொடுப்பது என்ற யோசனையிலேயே அவள் முறை வந்துவிட்டது.

"ஒரு கருப்புக் காப்பி இனாமாக் குடுங்க. அப்படியே ரெண்டு அல்மொஹாபானாவும் இனாமாக் குடுத்துருங்க."

காசை வைத்தாள். சூடான அந்தப் பாலாடைக்கட்டி ரொட்டியைத் தாளில் சுற்றி வாங்கினாள். திரும்பினால், சுவரோர மேசையிலிருந்து யுலைமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது.

"ஏய்! நீ காசு குடுத்தியே?"

கடையே திரும்பிப் பார்த்தது. ஒதிலியா பக்கத்தில் போய் நின்றாள். "குடுக்காம எப்படிங்க?"

"இனாமான்னுதானே கேட்டே?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குக் காசு?"

"காப்பிக்குங்க."

யுலைமா தலையைப் பிடித்துக்கொண்டாள். "இரு, இரு. காலைலேருந்து பாக்கறேன். அந்தப் போலீஸ்காரனும் இனாமாக் கேட்டான், காசு குடுத்தான். கோட்டு போட்ட கிழவனும் இனாமாக் கேட்டான், காசு குடுத்தான். வந்த நாள்லேருந்து இந்த ஊர்ல எல்லாரும் பிச்சை எடுக்கறாங்கன்னுல்ல நெனச்சுட்டிருக்கேன்! அப்ப எங்கிட்டக் கேட்டியே ரெண்டு மணி நேரம், அது?"

"அதுக்கென்னங்க?"

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

"சம்பளம் இல்லாம யாருங்க வேலை குடுப்பாங்க?"

"நீதான் குடுத்தே!"

"நானுங்களா?"

"உள்ள தள்ளி உக்காந்து பேசுங்க சாமிங்களா, வழி வேணும்" என்றாள் கடைக்காரி.

ஒதிலியா உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல் திடீரென்று வாய்க்குள் கல்லாகக் கிடந்தது. வேறு எப்படிக் கேட்பது? 'ரெண்டு மணி நேரம் குடுங்க' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கத்தியைக் காட்டிக் கேட்கிற மாதிரி இருந்தது. 'இனாமா' என்று பேசாத ஒரு ஊரில் ஜனங்கள் உப்பு எப்படி வாங்குகிறார்கள்?

"அந்த நாய் வேலை போயிருச்சா?" என்றாள் யுலைமா. குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

"மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்குங்க. எந்திரிங்க."

இருவரும் மேடேறினார்கள். யுலைமாவுக்கு மூச்சு வாங்கியது. ஒதிலியா ஒரு அல்மொஹாபானாவை அவள் கையில் திணித்தாள்.

"ஒண்ணே ஒண்ணுங்க. டாக்டரை 'நீ'ன்னு சொல்லிராதீங்க."

"மரியாதை இல்லாமயா சொல்றேன்? எங்க ஊர்ல சிக்கின்கிரா மாதாவையே 'நீ'ன்னுதான் கூப்பிடுவோம்."

ஒதிலியா நின்றுவிட்டாள். "எங்க மாதாவையா?"

"எங்க மாதாவை."

"சிக்கின்கிரா இங்கிருந்து பஸ்ல போற தூரந்தானுங்க."

"அவ எங்க ஊர் ஏரியில மெதந்து வந்தவ."

மாதா யாருடையவள் என்று தீர்க்க நேரம் இல்லை. ஒதிலியா சிலுவை போட்டுக்கொண்டு நடந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் நூபியா ஒரு பழுப்பு நாயின் பின்னங்காலைப் பிடித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "இவங்கதானுங்களா அந்தப் பொண்ணு? முன்னாடியே பேர் வரும்னு பாத்தேனுங்க."

"வார்த்தைக் கோளாறுங்க டாக்டர்" என்றாள் ஒதிலியா.

"வார்த்தையில என்னங்க கோளாறு?"

அதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

யுலைமா அதற்குள் நாயின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் படித்த பாடத்தை ஒப்பித்தாள்: "வலிக்குதுங்களா? சாப்பிட்டீங்களா நீங்க?" பிறகு நிமிர்ந்து டாக்டரிடம், "இதை நீ எப்பக் கட்டுனே?" என்றாள்.

ஒதிலியா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரின் புருவம் உயர்ந்தது. ஆனால் நாய் அந்தப் பெண்ணின் கையை நக்கத் தொடங்கியிருந்தது; காலையிலிருந்து யாரையும் பக்கத்தில் விடாமல் உறுமிக்கொண்டிருந்த நாய் அது.

"சரிங்க" என்றார் டாக்டர். "தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துருங்க. ஞாயித்துக்கெழம காலைல மட்டும் ஒரு மணி நேரம் இனாமாக் குடுத்துருங்க. அதுகளுக்கு ஞாயிறுன்னு தெரியாதுங்களே."

யுலைமா ஒதிலியாவைத் திரும்பிப் பார்த்தாள். "இது எந்த இனாம்?"

சம்பளத்தோடதானுங்க என்று சொல்ல ஒதிலியா வாயெடுத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளப் பிரிவு ஒரு காசும் தராது என்பது அவளுக்குத் தெரியும். இந்த மருத்துவமனைக்கு அவள் எத்தனையோ பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாள். அவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்களா? எதற்காக வந்தார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஞாயித்துக்கெழம… காசோடங்களா, காசில்லாமங்களா?"

டாக்டர் நூபியா கட்டுத்துணியின் நுனியைப் பிடித்தபடி நின்றார். "இனாமாத்தானுங்க."

"எந்த இனாமுங்க?"

"எந்த இனாமுன்னா என்னங்க கேள்வி இது? எல்லாரும் வருவாங்களே."

"காசுக்கு வந்தாங்களா, சும்மா வந்தாங்களா?"

டாக்டர் யோசித்தார். முகம் மெல்லச் சிவந்தது. "தெரியலீங்களே" என்றார் கடைசியில். "நான் கேட்டதில்லீங்க. அவங்களும் சொன்னதில்லீங்க."

நாய் மூன்று பேரையும் பார்த்தது.

"ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றாள் யுலைமா. "ஆனா ஒரு மணி நேரத்தைச் செவ்வாக்கெழமைல கழிச்சுக்கோ. அன்னிக்கு எனக்கு உடற்கூறு வகுப்பு லேட்டாத்தான் முடியும். என்ன சொல்றே?"

இந்த 'சொல்றே'யை டாக்டர் கவனித்தாரா, இல்லையா என்று ஒதிலியாவுக்குத் தெரியவில்லை. அவர் ஆணியில் தொங்கிய ரப்பர் மேலங்கியை எடுத்து நீட்டினார்.

"செவ்வாய் அஞ்சு மணிக்கு வாங்க. இதைப் போட்டுக்கங்க."

மேலங்கி யுலைமாவின் இரண்டு ஸ்வெட்டர் மேல் ஏற மறுத்தது. ஒன்றைக் கழற்றி ஒதிலியாவின் தோளில் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். "கையெழுத்து எங்க போடணும்?"

ஒதிலியா தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பேனாவை நீட்டினாள். கேட்க வேண்டிய சொல்லைத் தேடினாள், கிடைக்கவில்லை. விரலால் கையெழுத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.