ஓரம் கரைந்த பச்சைப் படிகம்

இரண்டாயிரங்களின் நடுவில் எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. பல்சக்கரம் செய்யும் ஆலை, அதன் லேப். இரும்பைத் துண்டாக வெட்டி, தேய்த்து, கண்ணாடி போல மினுக்கி, ஆசிட்டில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் வைப்போம். மினுக்கிய இரும்பில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். ஆசிட் கடித்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். உலையில் எவ்வளவு நேரம் வெந்தது, கார்பன் மேலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே ஊறியது, எல்லாவற்றையும் கக்கிவிடும்.

என் மனைவிக்குக் கல்லோடு பாடு. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லில் எள்ளளவு, மிளகளவு பச்சைப் படிகங்கள் இருக்கும். ஆலிவின் என்பார்கள். குழம்பு ஆறத் தொடங்கும்போது முதலில் பிறப்பது அதுதான். அதனால் குழம்பு எந்த ஆழத்தில், எந்தச் சூட்டில் உருகிக் கிளம்பியது என்பது படிகத்தின் நடுவில் இருக்கும். வந்த வழியில் பட்டதெல்லாம் ஓரத்தில் இருக்கும். அவளுடைய முனைவர் பட்டமே அந்த நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நின்றது. குழம்பு நெடுங்காலம் நிலத்தடியில் தேங்கிக் கிடந்து பிறகே வெளியே வந்தது என்றார் அவளுடைய வழிகாட்டி. எங்கும் தேங்காமல் வந்தது என்பது இவள் கட்சி.

"தேங்கியிருந்தா ஓரத்துல இருக்கிற இரும்பு நடுவுக்குள்ள ஊறியிருக்கும்ல?" என்பாள் இவள், சோற்றைப் பிசைந்தபடியே. எனக்கு அது உடனே பிடிபட்டது. பல்சக்கரத்தில் கார்பன் ஊறுகிற அதே கணக்கு.

குஜராத்தில் ஒரு மலையிலிருந்து பை நிறையக் கல் சுமந்து வந்திருந்தாள். உடைத்தால் எல்லாவற்றிலும் பச்சை செத்து, துருவாகிக் கிடந்தது. ஒரே ஒரு துண்டில்தான் உயிர் இருந்தது. படிகத்தில் எந்த இடத்தில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் மெஷின் வேறு ஊரில். அதில் முறை கிடைக்க மாதக்கணக்கில் அலைந்தாள். கிடைத்தபோது அவள் கல்லூரியின் பாலீஷ் இயந்திரம் பழுது. மேனேஜரிடம் அனுமதி வாங்கி நானே எங்கள் லேபில் மினுக்கி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை அவளுக்கு ரயில். அன்று காலை கல்லை வாங்கிக்கொள்ள என்னோடு ஆலைக்கு வந்தாள்.

லேபின் மூத்த உதவியாளருக்கு ஆரம்பாக்கம் பக்கம் வயல். நடவு வந்தால் லீவு போட்டுவிடுவார், மற்ற நாளெல்லாம் லேப்தான் அவருக்கு வயல்.

"வாம்மா. உங்க ஊட்டுக்காரரு பாதி வேலைய உட்டுட்டுப் போய்ட்டாரு. நான் முடிச்சி வெச்சிட்டேன்."

"பாதியா?" என்றேன்.

"பாலீஷ் போட்டுட்டு ஆசிட்டு காட்டாம உட்டா இன்னா சார் தெரியும்? சின்ன கிண்ணத்துல நனைச்சேன், அசையல. சர்தான் போ நைனான்னு சுடு ஆசிட்டு தொட்டில கொஞ்ச நேரம் ஊற வெச்சேன். அப்பவும் பளிச்சுனு வரல. பேஜாரு புடிச்ச கல்லு."

அவள் கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பச்சை இருந்த இடங்களில் குழி, குழிக்குள் கூழ்.

"கரைஞ்சிடுச்சு."

"கல்லு எங்கியாவது கரையுமாம்மா?"

"இது கரையும்ணே."

அவர் இரண்டடி பின்னால் போனார். வாசலுக்கும் உலைக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன். திட்டி என்ன பயன். ஆசிட் காட்டாமல் எதையும் விடாதே என்று பழகின கை அது. அவள்தான் கூழைக் கழுவிவிட்டு, கல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"இங்க வாங்க."

பார்த்தேன். ஓரத்தில் இரும்பு அதிகம், அதை ஆசிட் முந்திக்கொண்டு தின்றிருந்தது. படிகத்தைச் சுற்றி அகழி, நடுப்பகுதி மேடாக, தீவு போல. இரண்டுக்கும் நடுவே செங்குத்துச் சுவர். சரிவே இல்லை.

"ஊறியிருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"சரிவா இறங்கும். இது ஒரு ஷிஃப்டுகூட உலையில இருந்த மாதிரி தெரியல."

"அப்போ வேலைக்கு ஆகுமா?" என்றார் அவர், தூரத்தில் நின்றபடியே.

"ஆகாதுண்ணே. ஆசிட்ல ஊற வெச்ச கல்லுன்னு சொன்னா எங்க கைடு சார் சிரிப்பாரு. நம்பர் வேணும். குழியில மெஷின் அளக்காது, சமமா இருக்கணும்."

சமமாக்க வேண்டுமென்றால் மறுபடியும் தேய்க்க வேண்டும். தேய்த்தால் அந்தச் சுவர் கண்ணில் படாது. மிச்சமிருக்கும் படிகங்களும் போகலாம். கல்லை யாரிடமும் தராமல் அவளே பாலீஷ் சக்கரத்தில் வைத்தாள். அவர் தண்ணீர் ஊற்றினார்.

"மெதுவாம்மா, இரும்பு இல்ல அது."

"இப்பத்தான் தெரிஞ்சிதாண்ணே?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகே அவரும் சிரித்தார், கொஞ்சம் பயந்துகொண்டே.

தேயத் தேயக் குழிகள் மறைந்தன, கூடவே படிகங்களும். கடைசியில் மிளகளவில் ஒன்று மட்டும் முழுசாக நின்றது. பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு நாளும் நான் பல்சக்கரம் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. புதுவாயல் வரை டீ குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பினேன்.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது.

"நடுவுல மெக்னீசியம் அவ்ளோ அதிகம். மேல வந்து உறைஞ்ச குழம்பால அதப் பெத்திருக்கவே முடியாது. ரொம்ப ஆழத்துல, ரொம்பச் சூட்டுல பொறந்தது."

"ஓரம்?"

"கத்தியால வெட்டின மாதிரி. தேங்கவே இல்ல."

"அப்புறம் என்ன, ஜெயிச்சாச்சு!"

"ஒண்ணே ஒண்ண வெச்சு ஒரு மலையப் பத்திப் பேசாதேன்னு சார் சொல்லுவாரு. சொன்னா, அது சரிதானே. மழைக்கு முன்னாடி திரும்ப அங்க போகணும். நல்ல கல்லா இன்னும் நாலு வேணும்."

"நானும் வரேன்" என்றேன். லீவு கேட்க மேனேஜர் அறைக்குப் போகும் வழியில் உதவியாளர் மறித்தார்.

"மெஷினு இன்னா சார் சொல்லிச்சு?"

சொன்னேன். குஜராத் போவதையும் சொன்னேன்.

"நல்லா நெறைய எடுத்துனு வாங்க" என்றார். "ஆசிட்டு தொட்டிய நான் மூடியே வெக்கிறேன்."