மார்க்க அறிஞரும் பதினாறாம் வாய்ப்பாடும்

எழுபத்தெட்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் குடியேறிய நோபல் பார்க்கில், எங்கள் வீட்டுப் பின்னறையில் ஓர் ஈரானிய அங்கிள் வாடகைக்கு இருந்தார். அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்தால் இருவரும் குசினி மேசையில் தேநீரோடு இடிந்துபோய் இருப்பார்கள். பேசத் தெம்பிருந்தால் அங்கிள் தன் தகப்பனைப் பற்றித்தான் பேசுவார்.

தகப்பன் ஊரில் ஷியா மார்க்கச் சட்ட அறிஞர். அரசியலில் இறங்கிய ஒரு பெரிய அறிஞரைத் தூக்கில் போட்ட கதையைத் தன் ஆசிரியர்களிடம் கேட்டு வளர்ந்தவர். ஆட்சி நமக்கு வேண்டாம், சட்டம் சொல்வதோடு நிற்போம் என்பது அவர் கட்சி. இப்போதோ அரசரின் படை தெருவில் பிள்ளைகளைச் சுடுகிறது. இனியும் ஒதுங்கியிருக்கலாமா, அறிஞர்களே ஆட்சியை ஏற்க வேண்டுமா என்று அங்கிள் தகப்பனுக்கு எழுதிக் கேட்டிருந்தார். நான் திரும்பி வரவா என்றும் கேட்டிருந்தார்.

"ஒவ்வொரு அடி விழேக்கையும் அந்த அறிஞர்மாரின்ரை கொள்கையும் மாறுது போல," என்று அப்பா கொட்டாவியோடு அம்மாவிடம் சொன்னார்.

பதில் கசெட்டில் வந்தது. முதல் பக்கம் முழுக்கப் பழைய நெருக்கடிகள்: எந்தப் பெரியவர் எப்போது அரசரோடு சேர்ந்தார், எப்போது ஏன் விலகினார் என்று. அது முடியவே வேலைக்கு நேரமாகிவிட்டது. வந்து கேட்கலாமென்று அங்கிள் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடினார்.

எனக்கு ஒன்பது வயது. தமிழ் மறக்கவில்லை என்று யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவுக்கு நிரூபிக்கும் அவசரத்தில் இருந்தேன். அங்கே கிடந்த கசெட்டிலேயே, பதிவுசெய்யும் சிவப்புப் பொத்தானை அமுக்கி, இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தேன். பிழை விட்ட இடமெல்லாம் மறுபடியும் சொன்னேன். அவ்வளவு ஒழுங்கான பிள்ளை.

அங்கிள் ஏசவில்லை. எங்காவது மிச்சம் இருக்குமென்று என் வாய்ப்பாடு முழுவதையும் கேட்டார். கடைசியில் அரை நிமிடம் கிழவரின் குரல் வந்தது. அங்கிள் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"குளிருக்குக் கழுத்தை மூடட்டாம். கடவுள் காப்பாராம். வேறை ஒண்டுமில்லையாம்," என்றார் அப்பா, அங்கிளிடம் கேட்டுவிட்டு.

எனக்குப் பெரிய நிம்மதி. அழிந்ததும் அப்படிக் குளிர், கழுத்து என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஊருக்குத் தொலைபேசித் தொடர்பும் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்தில் அங்கிள் நேரில் கேட்பதென்று டிக்கெட் எடுத்தார். "போட்டு வாறன்," என்று எங்கள் தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு வரியும் வரவில்லை. அப்பா வெகுநாள் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ பின்னறை எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். நான் அழித்த பதிலைக் கேட்கத்தான் அந்த மனிதர் சூடு விழும் ஊருக்குப் போனார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.