வெள்ளத்தில் மூழ்காத கார்

இன்று திருவொற்றியூரில் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். அதன் சோதனை அறிக்கையை ஆன்லைனில் முன்பே வாங்கியிருந்தேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இல்லை என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

கூட வந்த மெக்கானிக் நண்பன் பாஷா, பின்சீட்டுக்குக் கீழே விரித்திருந்த மேட்டைத் தூக்கினான். அடித்தகடு முழுக்கத் துரு.

"மாமு, இது தண்ணில நின்ன வண்டி. வேணாம்."

வண்டிக்காரர் மீன் வியாபாரி. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னா நைனா பேசற? புயல்னு சொன்னவொடனே மேம்பாலத்து மேல ஏத்தி நிறுத்திட்டு, உள்ளயே பட்த்துகினு காவல் காத்தேன். ஒரு சொட்டு மழத்தண்ணி பூந்ததில்ல!"

"அப்போ இந்தத் துரு?" என்று கேட்டேன்.

"அது ஐஸ் தண்ணி. காசிமேட்லர்ந்து தெனம் மீன் பொட்டி இதுலதான் வருது."

பாஷாவின் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப வெள்ளத்துல நின்ன வண்டி இல்ல மாமு. எட்த்துக்கோ!"

அறிக்கையும் சரி. வண்டிக்காரர் சொன்னதும் உண்மை, முகர்ந்தே பார்த்துவிட்டேன். பிறகு எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

வாங்கலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் இதுவரை எங்கள் பூனை மட்டும்தான் ஆதரவு. நான் திரும்பி வந்ததிலிருந்து என் சட்டையை விட்டு நகரவில்லை.