முப்பது காசும் மோட்டார்க்காரர்களும்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் சந்திரமதி அக்காவைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். கேட்காதவர்கள் இருக்க முடியாது. கடைவரிசையின் முனையில் மடக்கு மேசையும் பெரிய குடையும் போட்டு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் நெத்திலியும் காரச் சம்பலுமாக நாசி லெமாக் விற்கிறார். விடியும் முன்பு அவர் யாரிடமோ “சம்பல் கூடவா, கொறைச்சலா?” என்று கேட்டால், மூன்றாம் மாடியில் தூங்குகிறவர் “கொறைச்சல்” என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

அக்காவின் பெற்றோர் பொந்தியான் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்கள். அக்கா தெப்ராவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தார். கழுத்தில் அட்டை, மணி பார்த்துத்தான் கழிவறை, சூப்பர்வைசர் வந்தால் பாதிக் கொட்டாவியை விழுங்க வேண்டும். வேலையை விட்ட அன்று, இனி என் கழுத்தில் தாலியைத் தவிர வேறெதுவும் தொங்காது என்று வீட்டில் அறிவித்தார். கணவர் ஐயாசாமி லாரி ஓட்டி ஓய்ந்தவர், வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். “அதுவும் பாதி நாள் அடகுக்கடையிலதானே தொங்குது” என்றார். அன்று இரவு அவருக்குச் சோறு கிடைத்ததா என்று கேட்டால் இருவருமே பேச்சை மாற்றுகிறார்கள்.

கடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார்க்காரர்கள். ஐந்து மணிக்கு முன்பே வரிசையாக வருவார்கள். எஞ்சினை அணைப்பதில்லை, ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. எல்லைப் பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆளுக்கு இரண்டு பொட்டலம், ஒன்று பசியாற, ஒன்று மத்தியானத்துக்கு. பொட்டலம் இரண்டரை வெள்ளி, அதாவது இரண்டரை ரிங்கிட். இரண்டு பொட்டலத்துக்கு ஓர் ஐந்து வெள்ளி நோட்டு, கையுறை மாட்டிய விரலிடுக்கில் தயாராக நீட்டியபடி இருக்கும். அக்கா பையைக் கொடுப்பார், நோட்டை உருவுவார், “ஜாலான்” என்று கிளப்பிவிடுவார். வண்டி போய்விடும். யாருடைய முகமும் அவருக்குத் தெரியாது. சிவப்பு ஹெல்மெட், கீறல் ஹெல்மெட், ஆமை ஸ்டிக்கர் ஹெல்மெட் என்றுதான் கணக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது தேங்காய்ப்பால் விலை ஏறியது. தேங்காய்க் கடை மூர்த்திக்கு எந்தச் செய்தியையும் சாவுச் செய்தி போலச் சொல்லும் குரல். “அக்கா… தேங்கா வரத்து இல்லக்கா… இனிமே பழைய வெலைக்கு முடியாதுக்கா…” என்று அவர் இழுத்ததைக் கேட்டு, பக்கத்தில் நின்ற ஒருவர் யார் தவறிப்போனது என்று விசாரித்தாராம். அடுத்து நெத்திலி ஏறியது. இரண்டரை வெள்ளிக்கு விற்றால், தான் வேலை செய்வது வீட்டுக்கா தேங்காய்க்கா என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொட்டலம் இரண்டு வெள்ளி எண்பது காசு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

அவர் பயந்தது நடந்து வரும் உள்ளூர்க்காரர்களுக்காக. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாமார்கள், அடுக்குமாடிக் காவலாளி, ஓய்வூதியக்காரர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். மோட்டார்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சம்பாதிப்பது சிங்கப்பூர் வெள்ளி, இங்கே மாற்றினால் மூன்று மடங்கு. முப்பது காசு எந்த மூலைக்கு?

நடந்தது தலைகீழ். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். காவலாளி, “அலமாக், தேங்காவ விமானத்துல கொண்டாறாங்களா?” என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் சம்பல் கூட வைக்கச் சொன்னார். மோட்டார்க்காரர்கள்தான் குறைந்தார்கள். முதல் வாரம் பாதிப் பேர். இரண்டாவது வாரம் வண்டி விளக்குகள் மட்டும் வரிசையாகக் கடையைத் தாண்டிப் போயின. மிஞ்சிய பொட்டலங்கள் வீட்டுக்கு வந்தன. ஐயாசாமி பகலிலும் நாசி லெமாக் சாப்பிட்டார், இரவிலும் நாசி லெமாக் சாப்பிட்டார்.

“சிங்கப்பூர் காசு சம்பாரிக்கிறானுங்க, முப்பது காசுக்கு மூஞ்சத் திருப்பிக்கிறானுங்க” என்று அக்கா பொருமினார். பழைய விலைக்கு இறங்கினால் நட்டம். புதிய விலையில் நின்றால் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து பிரவீனா என்ற பெண் போன் செய்தாள். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்தவள். தேன் தடவிய குரல். “ஆன்ட்டி, மாசச் சம்பளம், இபிஎஃப் எல்லாம் இருக்கு, நீங்க சும்மா வந்து நின்னா போதும்” என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சும்மா நிற்பதற்குக் கழுத்தில் அட்டை மாட்ட வேண்டுமா என்று அக்கா கேட்டார். அது கம்பெனி ரூல் ஆன்ட்டி என்றாள் பிரவீனா. அன்று அக்கா சத்தமில்லாமல் சம்பல் கிண்டினார். ஐயாசாமிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக ஒருவர் நடந்து வந்து இரண்டு பொட்டலம் கேட்டார். முகம் புதிது. குரல் மட்டும் எங்கோ கேட்டதுபோல் இருந்தது.

“தம்பி, நீங்க எந்த ஹெல்மெட்டு?”

“ஆமை ஸ்டிக்கர், அக்கா. செல்வா.”

“ஓ. முப்பது காசுக்குக் கோச்சிக்கிட்ட ஆமையா?”

செல்வாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “வெலைக்கா? ஐயோ அக்கா, அங்க ஒரு வேள சோத்துக்குக் குடுக்கற காசுல இங்க குடும்பமே பசியாறலாம். வெல இல்லக்கா. சில்லற.”

அக்காவுக்குப் புரியவில்லை. செல்வா அங்கேயே நடித்துக் காட்டினார். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க அவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டுகிறார்கள். அதன் பை உடம்போடு ஒட்டிக் கிடக்கும். கால்சட்டைப் பையை எட்டவும் ஜாக்கெட்டைத் தூக்க வேண்டும். அதனால்தான் ஐந்து வெள்ளியை வீட்டிலேயே கையுறைக்குள் செருகிக்கொண்டு வருவது. இப்போது இரண்டு பொட்டலம் ஐந்து வெள்ளி அறுபது, நாணயம் கையுறைக்குள் நிற்காது. பத்தை நீட்டினால் நாலு நோட்டும் நாணயமும் திரும்பி வரும். கையுறையைக் கழற்றி, ஜாக்கெட்டைத் தூக்கி, துழாவி, அதற்குள் ஒரு நாணயம் விழுந்து உருண்டு, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்து…

“நாங்க கோச்சிக்கலக்கா. இங்க நின்னா பாலத்துல மாட்டிக்கிறோம். லேட்டானா அங்க சம்பளத்துல வெட்டுறான்.”

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, பொட்டலம் மூன்று வெள்ளி என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இரண்டுக்கு ஆறு, ஐந்தையும் ஒன்றையும் சேர்த்து மடித்துச் செருகிக்கொண்டு வருவோம், பேச்சே இல்லை என்றார் செல்வா. மோட்டார்க்காரர்களின் வாட்ஸாப் குழுவில் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

அவர் போன பிறகு ஐயாசாமி வாயைத் திறந்தார். “வெல ஏறுனதுக்கு ஓடுனவன, இன்னும் ஏத்திக் கூப்புடுறியா?”

அக்காவுக்கும் அதே பயம்தான். செல்வா சொன்னது தவறானால், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கழுத்தில் அட்டைதான். ஆனாலும் துணிந்தார். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பொட்டலம் அதே இரண்டு எண்பது. மோட்டார்க்காரர்களுக்கு ஜோடி ஆறு வெள்ளி. கூடுதல் காசுக்கு மனசு உறுத்தாமலிருக்க, பொட்டலத்துக்கு அரை முட்டை. இரண்டையும் ரப்பர் போட்டுக் கட்டி, வண்டிக் கொக்கியில் மாட்டுகிற மாதிரிப் பையில் போட்டு வைத்தார்.

திங்கள் காலை புது விலை அட்டையைப் படித்த காவலாளி குழம்பிவிட்டார். “ரெண்டா வாங்குனா வெல கூடுமா? எந்த ஸ்கூல்ல கணக்குப் படிச்சீங்க?”

“முட்ட இருக்குலா. வேணாம்னா ஒன்னொன்னா வாங்கிக்குங்க.”

முதல் வண்டி நிற்காமல் போனது. அடுத்த இரண்டும் அப்படியே. அக்கா அடுக்கி வைத்த பைகளையே மறுபடி அடுக்கினார். அப்புறம் ஆமை வந்து நின்றது. மடித்த நோட்டு நீண்டது. பை கைமாறியது. ஆமைக்குப் பின்னால் கீறல், கீறலுக்குப் பின்னால் முன்பின் பார்க்காத ஒரு மஞ்சள். யாரும் சில்லறை தேடவில்லை. அக்காவுக்குக் குரல் திரும்பி வந்தது. “ஜாலான், ஜாலான்” என்று அவர் விரட்டியதில் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது.

வாரம் முழுக்க வரிசை குறையவில்லை. வெள்ளிக்கிழமை, காலி மேசையைத் துடைத்துவிட்டு அக்கா பிரவீனாவுக்குப் போன் போட்டார். வரவில்லை என்றதும் பிரவீனா தேனை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். “சம்பளம் பத்தலன்னா சொல்லுங்க ஆன்ட்டி, கூட்டித் தரேன்.”

“சம்பளம் நல்ல சம்பளந்தாம்மா. எனக்கு இந்த எடந்தான் தோது.”

போனை வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினார். பிறகு மூர்த்தியை அழைத்து, நாளையிலிருந்து தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றார். மூர்த்தி அந்த நல்ல செய்திக்கும் இழவு வீட்டுக் குரலிலேயே சரி சொன்னார்.